ஜாங்கோ, போஸ்ட்கிரஸ், ரியாக்ட்: ஒரு நூலகச் செயலியைப் பல ஆண்டுகள் ஓட்டிய அனுபவம்

ஒரு சிறிய நூலகத்தின் நூற்பட்டியலையும் இரவல் பதிவேட்டையும் தாங்கும் வலைச்செயலியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பின்தளத்தில் (சர்வரில் இயங்கும் பகுதி) ஜாங்கோ, தரவுத்தளமாகப் போஸ்ட்கிரஸ், முன்தளத்தில் (உலாவியில் தெரியும் பகுதி) ரியாக்ட், எல்லாவற்றுக்கும் வாசலில் கோரிக்கைகளை வாங்கிக்கொள்ளும் என்ஜின்எக்ஸ் என அனைத்தும், உபுண்டு இயங்குதளம் கொண்ட, மாத வாடகைக்கு எடுத்த ஒரே சர்வரைச் சார்ந்திருக்கின்றன. தனி ஊழியர் வைத்துக்கொள்ள முடியாத இத்தகைய இடங்களில், ஒரு கருவியால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று பார்ப்பதற்கு முன், அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜாங்கோ இந்த விஷயத்தில் என் நம்பிக்கையை முழுமையாகக் காப்பாற்றியிருக்கிறது. கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் ஒன்றின் அலுவலகத்தில் உருவாகி 2005-இல் பொதுவில் வெளியான இந்தக் கட்டமைப்புக்கு எட்டு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஆனால் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை மட்டும் பின்பற்றினால் அந்த ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 2021 ஏப்ரலில் வந்த 3.2-க்கு 2024 ஏப்ரல் வரையும், 2023 ஏப்ரலில் வந்த 4.2-க்கு 2026 ஏப்ரல் வரையும் ஆதரவு என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஏறத்தாழ ஓராண்டு அவகாசம் இருந்தது. 4.0 முதல் நம்பகமான தளமுகவரிகளின் பட்டியலில் ‘https://’ என்ற முன்னொட்டையும் சேர்த்தே எழுத வேண்டும். அதைத் திருத்தாமல் பதிப்பை உயர்த்தினால் செயலி தொடங்கும்போதே சரிபார்ப்புப் பிழை எழும். கைவிடப்படவிருக்கும் அம்சங்களுக்கான எச்சரிக்கைகளை இயக்கிவிட்டுச் சோதனைகளை ஓட்டினால், இத்தகைய மாற்றங்களில் பெரும்பாலானவை முன்பே கண்ணில் படும்.

முன்தளத்தில் அந்த நிம்மதி கிடைக்கவில்லை. ரியாக்ட் நிலையாகவே இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கருவிகள்தான் மாறிக்கொண்டே இருக்கின்றன. பலரும் தொடக்கப்புள்ளியாகக் கொண்டிருந்த கிரியேட் ரியாக்ட் ஆப், 2025 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக ‘வீட்’ (Vite) என்ற கருவிக்கு மாறியபோது சூழல் மாறிகளின் (செயலிக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பு மதிப்புகள்) பெயர்களையும் வெளியீட்டு அடைவின் பெயரையும் மாற்ற வேண்டியிருந்தது. இரவல் பதிவு, உறுப்பினர் படிவம் போன்ற பக்கங்களுக்கு ஜாங்கோவின் வார்ப்புருக்களே (பக்கத்தைச் சர்வரிலேயே உருவாக்கும் மாதிரிகள்) தாராளமாகப் போதும் என்பதால், புதிதாகத் தொடங்குவோர் தேடல் பக்கத்துக்கு மட்டும் ரியாக்டைப் பயன்படுத்தினால் பராமரிப்பு வேலை வெகுவாகக் குறையும். முன்தளத்தைக் கட்டமைப்பதற்கு நினைவகம் நிறையத் தேவைப்படுவதால், அதை வேறு கணினியில் முடித்துவிட்டு, கோப்புகளை மட்டும் சர்வரில் வைப்பது நல்லது.

தமிழ்த் தரவைக் கையாள்வோர் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் (யூனிகோடு) ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், தரவுத்தளம் அவற்றை வெவ்வேறு சொற்களாகவே எடுத்துக்கொள்ளும்; பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய பட்டியல்களில் ‘கொடி’ என்று தேடினால் பாதி நூல்கள் வராமல் போவதற்கு இது ஒரு காரணமாகலாம். சேமிக்கும்போதும் தேடும்போதும் உரையை, பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். போஸ்ட்கிரஸ் 12 முதல் முழு உரைத் தேடலில் தமிழ்ச் சொற்களின் விகுதிகளைக் களையும் அகராதியும் உள்ளது.

இயங்குதளத்தை உயர்த்தும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உபுண்டுவின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் எழுத்துகளின் வரிசை விதிகள் மாறியதால், உபுண்டு 18.04-இலிருந்து 20.04-க்குத் தரவுத்தளத்தை அப்படியே கொண்டு சென்றவர்கள் உரை நெடுவரிசைகளின் குறியீட்டு அட்டவணைகளை (தேடலை விரைவாக்குபவை) புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அதைச் செய்யாவிட்டால் பிழைச்செய்தி ஏதும் இல்லாமலேயே, இருக்கும் பதிவு இல்லை என்று விடை வரக்கூடும்.

தளத்தை https-இல் வழங்கத் தேவையான, லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் 90 நாள் செல்லுபடியாகும். செர்ட்பாட் என்ற கருவி அதைத் தானாகவே புதுப்பிக்கும். ஆனால் சரிபார்ப்புக் கோப்பைத் தளத்தின் அடைவில் வைக்கும் வெப்ரூட் முறையில் புதுப்பிப்பவர்கள், அதன்பின் என்ஜின்எக்ஸ் அமைப்புகளை மீண்டும் ஏற்றும்படி கட்டளை எழுதி வைக்காவிட்டால் பழைய சான்றிதழே தொடர்ந்து வழங்கப்படும். காலாவதி நெருங்கும்போது அந்நிறுவனம் அனுப்பிவந்த மின்னஞ்சல்களும் 2025 ஜூனில் நின்றுவிட்டதால், தனியாக ஒரு கண்காணிப்பு தேவை.

நாள்தோறும் போஸ்ட்கிரஸின் பிஜி டம்ப் கருவி வழியாக எடுக்கும் தரவுத்தளக் காப்புப் பிரதியில் அட்டைப்படங்கள் போன்ற பதிவேற்றக் கோப்புகள் இருப்பதில்லை. அவற்றைத் தனியே வேறொரு இடத்துக்கு நகலெடுக்கிறோம். காலாண்டுக்கு ஒருமுறை இரண்டையும் வெற்றுச் சர்வர் ஒன்றில் மீட்டு, ஒரு நூலைத் தேடி, இரவல் கொடுத்துப் பார்க்கிறோம். ஜாங்கோ 5.2-க்கு 2028 ஏப்ரல் வரையும், போஸ்ட்கிரஸ் 16-க்கு அதே ஆண்டு நவம்பர் வரையும் ஆதரவு உண்டு என்பதால், அடுத்த பெரிய மாற்றத்தை 2027-இன் பிற்பகுதியில் தொடங்கத் திட்டமிட்டிருக்கிறோம்.