கழற்றும்போது தெரியும் வால்வின் குணம்: சாயக் கழிவுநீர் ஆலையில் நியூமாட்டிக் வால்வுகளோடு சில ஆண்டுகள்

திருப்பூர் பக்கம் ஒரு சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் பராமரிப்பு பார்க்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத முறைக்கு இந்த ஊர் மாற வேண்டி வந்தது. அந்த முறையில் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், ஆர்.ஓ., ரெசின் டேங்க், எவாப்பரேட்டர் என எங்கே திரும்பினாலும் காற்றில் இயங்கும் வால்வுகள்தான். வாங்கும்போது விலை, லீக், திறந்து மூடும் வேகம் எல்லாம் பார்க்கிறார்கள். லைனிலிருந்து அதைக் கழற்றும் நாள் எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு இப்போது அதுதான் முதல் கேள்வி.

வால்வின் மேல் உட்கார்ந்து அதைக் காற்றின் விசையால் திருப்பும் கருவிதான் ஆக்சுவேட்டர். எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் ரேக் அண்டு பினியன் ஆக்சுவேட்டர்கள். அலுமினிய உடல், உள்ளே எதிரெதிராக நகரும் இரண்டு பிஸ்டன், நடுவில் ஒரு பற்சக்கரம். உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். காற்று உலர்ந்து சுத்தமாக வந்தால் ஆண்டுக்கணக்கில் சீல் மாற்றாமல் ஓடும். ஏர் டிரையர் மக்கர் செய்தால்தான் தொல்லை: தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும், பிஸ்டன் இழுத்து இழுத்து நகரும். அமில அறைப் பக்கம் கதையே வேறு. ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். எண்ட் கேப் (ஓர மூடி) போல்ட்டின் தலை அரித்துப்போய் ஆலன் கீ சும்மா சுற்றும். அந்த அறைக்கு அலுமினிய உடலை வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

சரி, கழற்றும் விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வரும் பையன்கள் எல்லாரிடமும் ஒரே நினைப்பு: "கரண்ட் எடுத்தாச்சுண்ணா, இனி கை வைக்கலாம்." திறக்கவும் மூடவும் காற்றையே பயன்படுத்தும் டபுள் ஆக்டிங் ஆக்சுவேட்டரில் இது பொய். அதில் இருப்பது 5/2 சொலினாய்டு, அதாவது ஐந்து வழியும் இரண்டு நிலையும் கொண்ட, கரண்டில் மாறும் காற்று வால்வு. கரண்ட் போனாலும் ஏதாவது ஒரு போர்ட்டில் காற்று நின்றுகொண்டேதான் இருக்கும். 100 மி.மீ. பிஸ்டன் மேல் 6 பார் காற்று என்றால் கிட்டத்தட்ட 480 கிலோ தள்ளுகிற விசை. மேலே இருக்கும் சாதாரண பால் வால்வை (ஓட்டையுள்ள பந்து திரும்பும் அடைப்பான்) அடைத்தாலும் தீராது, அதற்கும் ஆக்சுவேட்டருக்கும் இடையில் டியூபுக்குள் காற்று சிக்கியே இருக்கும். அந்த நிலையில் புஷ் ஃபிட்டிங்கை இழுத்தால் டியூப் சாட்டை மாதிரி முகத்துக்கு வரும்.

இதற்கு நாங்கள் செய்த மாற்றம்தான் இத்தனை ஆண்டுகளில் உருப்படியான செலவு. ஒவ்வொரு ஸ்கிட்டின் (ஒரே சட்டத்தில் கட்டிய கருவித் தொகுதி) ஏர் லைனிலும், அடைத்தவுடன் கீழ்ப்பக்கக் காற்றை வெளியே விடுகிற, பூட்டுப் போட ஓட்டையுள்ள அடைப்பான்களை மாட்டினோம். கைப்பிடியைத் திருப்பினால் 'உஸ்' என்று சத்தம் வரும். சத்தம் நின்றதும் வேலை செய்பவர் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வார். கேஜ் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து, சொலினாய்டின் கை பட்டனை இருபுறமும் அழுத்திப் பார்த்த பிறகுதான் ஸ்பேனர்.

காற்றால் ஒரு பக்கமும் ஸ்பிரிங்கால் மறுபக்கமும் திரும்பும் ஸ்பிரிங் ரிட்டர்ன் வகை ஆலைக்கு நல்லது. காற்று நின்றால் தானாக மூடும்படி வைக்கலாம், எவாப்பரேட்டரின் ஸ்டீம் லைனில் அதைத்தான் போட வேண்டும். ஆனால் கழற்றுபவருக்கு அது டபுள் ஆக்டிங்கைவிட மோசம், ஏனென்றால் காற்றை முழுக்க விட்ட பிறகும் உள்ளே விசை மிச்சம் இருக்கும். வால்வு பாதியில் இறுகி நின்றிருந்தால் ஸ்பிரிங்கின் முறுக்கு முழுவதும் தண்டில் தொக்கி நிற்கும். அப்போது அடிப்பகுதி போல்ட்டுகளைத் தளர்த்தினால் ஆக்சுவேட்டரே சுழன்று அடிக்கும். ஆகவே தண்டு முழுத் தூரம் திரும்பி வந்துவிட்டதா என்று பார்ப்பது கட்டாயம். மேலே இருக்கும் சிவப்பு மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பியை நம்பாதீர்கள், யாராவது மாற்றி மாட்டியிருப்பார்கள். தண்டின் நுனியில் வெட்டியிருக்கும் கோட்டைப் பாருங்கள். அது பாதியில் நின்றால் போல்ட்டைத் தொடாமல், தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்ன முறைப்படிதான் ஸ்பிரிங்கின் விசையை இறக்க வேண்டும்.

எண்ட் கேப்பைத் திறக்க எனக்கு இப்போதும் பிடிக்காது, அதன் பின்னால்தான் ஸ்பிரிங்குகள் அழுந்தி இருக்கும். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். மரை முடியப்போகும்போதும் மூடி உங்களை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஸ்பிரிங்குகள் கார்ட்ரிட்ஜாகக் கட்டி வரும் மாடல்களில் இந்தப் பயம் குறைவு.

இன்னொரு கண்ணி, காற்றுப் போனால் திறக்கிற பட்டர்ஃபிளை வால்வு (பைப்புக்குள் சுழலும் வட்டத் தகடு உள்ளது). திறந்த நிலையில் அதன் தகடு இருபுறமும் பைப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், ஃபிளேஞ்சுகளுக்கு (பைப் முனையில் போல்ட் போடும் வளையங்கள்) நடுவிலிருந்து வெளியே வராது. சிலர் காற்றைக் கொடுத்து மூடிவைத்து, அப்படியே உருவப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் டியூப் நழுவினால் தகடு படீரென்று திரும்பும், நடுவில் விரல் இருந்தால் விரல் போய்விடும். லைனை வடித்து, காற்றையும் எடுத்து, வால்வு திறந்து ஓய்ந்திருக்கும் நிலையிலேயே ஆக்சுவேட்டரை முதலில் இறக்குவதுதான் சரி. அப்புறம் ஸ்பேனரால் தண்டைத் திருப்பித் தகட்டை மூடி, நிதானமாக வால்வை எடுக்கலாம். லைனை வடிக்காமல் ஆக்சுவேட்டரை இறக்கினால், ஓடும் தண்ணீரே தகட்டைத் திருப்பிவிடும்.

மெம்பிரேன் கழுவப் பயன்படும் ஹைப்போ லைனின் பால் வால்வுகள் தனி ரகம். மூடிய பந்தின் குழிக்குள் மாட்டிக்கொண்ட சோடியம் ஹைப்போகுளோரைட் மெல்ல மெல்லச் சிதைந்து ஆக்சிஜனை விடும், போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும். லைன் வடிந்துவிட்டது என்று கழற்றி மேஜையில் வைத்துத் திருப்பினாலும் முகத்தில் பீய்ச்சும். லைனில் இருக்கும்போதே பாதி திறந்து குழியைக் காலி செய்து, தண்ணீர் விட்டு அலசிய பிறகே எடுக்க வேண்டும். பந்தில் சின்ன ஓட்டை போட்டு வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது அந்த ஓட்டை அழுத்தம் வரும் பக்கம் இருக்க வேண்டும்.

போல்ட் குழப்பத்துக்கு ஒரு வெளிநாட்டுச் சம்பவம் போதும். 2016 நவம்பரில் அமெரிக்காவின் பேட்டன் ரூஜில் எக்ஸான்மொபில் சுத்திகரிப்பு ஆலையில், ஒரு பிளக் வால்வின் மேலிருந்த பழுதான கியர் பாக்ஸைக் கழற்றினார்கள். அது பழைய வடிவமைப்பு; கியர் பாக்ஸின் தாங்கியைப் பிடித்திருந்த போல்ட்டுகளே வால்வின் மேல்மூடியையும் பிடித்திருந்தன. அவற்றை எடுத்துவிட்டுத் திருப்பியபோது வால்வு பிரிந்து ஐசோபியூட்டேன் கொட்டித் தீப்பிடித்தது, நான்கு பேருக்குக் கடுமையான தீக்காயம். ஆக்சுவேட்டர் வைத்த வால்விலும் இதே ஆபத்து உண்டு. நாங்கள் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்டின் போல்ட்டுகளுக்கும் மேல்மூடிப் போல்ட்டுகளுக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்துவைத்திருக்கிறோம். லைனில் அழுத்தம் இருக்கையில் சிவப்பைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் விதி.

புதிதாக வாங்குபவர்களுக்கு: ஐஎஸ்ஓ 5211 அளவில் (வால்வும் ஆக்சுவேட்டரும் பொருந்துவதற்கான சர்வதேச அளவு) நேரடியாக உட்காரும் ஆக்சுவேட்டர், ஒருபக்க பைப்பை எடுத்தாலும் தனியாக நிற்கும் லக் வகை பட்டர்ஃபிளை, ஸ்டெயின்லெஸ் போல்ட், இந்த மூன்றையும் ஆர்டரில் எழுதிவிடுங்கள். இரண்டு ஃபிளேஞ்சுகளுக்கு நடுவே நெருக்கிப் பிடிக்கப்படும் வேபர் வகை மலிவுதான், ஆனால் அதற்காக இரண்டு பக்கமும் லைனை நிறுத்த வேண்டியிருக்கும். காற்றுப் போனால் வால்வு எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை என்கிற இடங்களில் ஸ்பிரிங் வகைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ரிப்பேரை ஏணி மேல் நின்று செய்யாமல், ஸ்பேர் ஒன்றை மாட்டிவிட்டு பழையதை மேஜைக்குக் கொண்டுவருவது எங்கள் பழக்கம். மாட்டிய பிறகு முதல் ஓட்டத்துக்கு ரெகுலேட்டரைக் குறைத்துவைத்து, கைகளை எடுத்துவிட்டுத்தான் காற்றைத் திறப்போம்.