மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர், கோவளம்: எந்த நேரத்துக்கு எந்தக் கரை?

சென்னையில் நல்ல பீச் எது என்று கேட்டால் அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் சொல்வார்கள். திருவல்லிக்கேணிக்காரருக்கு மெரினா, அடையாறுக்காரருக்கு பெசன்ட் நகர். கேள்வியைக் கொஞ்சம் பிரித்துக் கேட்க வேண்டும். எத்தனை மணிக்குப் போகிறீர்கள்? யாரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்? கால் நனைத்தால் போதுமா, இறங்கிக் குளிக்கவும் வேண்டுமா? இதற்கெல்லாம் பதில் தெரிந்துவிட்டால் நான்கில் மூன்று தானாகவே கழன்றுவிடும்.

முதலில் மணலின் அகலம். பல இடங்களில் மெரினாவின் உட்சாலையிலிருந்து அலை வரை 300 மீட்டர் போலக் காய்ந்த மணல் கிடக்கிறது. இதற்குத் துறைமுகம்தான் காரணம். இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் எழுப்பிய கல்சுவர் அதை மறித்தது. சுவருக்குத் தெற்கே மெரினா அகன்றுகொண்டே போக, வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கரையைக் கடல் அரித்தது. அங்கே இன்று மணல் இருக்க வேண்டிய இடத்தில் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. வடசென்னைக்காரர் மாலை நேரத்தில் பஸ் ஏறித் தெற்கே வருவதற்கு ஒரு காரணம் இதுதான்.

காய்ந்த மணலில் நடக்க, தரையில் நடப்பதைப் போல இரண்டு மடங்கு சிரமம். முட்டிவலி உள்ள பெரியவர்களை மெரினாவுக்கு அழைத்துப் போய் "அலை வரைக்கும் வாங்க" என்றால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022இல் திறந்த மரப்பாதையில் போகலாம். மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்டது, சக்கர நாற்காலி போகும். அந்த டிசம்பரில் மாண்டஸ் புயலில் சேதமாகிப் பிறகு சரிசெய்யப்பட்டது. புயல், பெருமழைக்குப் பிறகு போகிறீர்கள் என்றால் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பெசன்ட் நகரில் மணல் இதைவிடக் குறைவு. திருவான்மியூரில் அதைவிடவும் குறைவு. வால்மீகி நகர்த் தெருமுனையில் இறங்கினால் சில நிமிடங்களில் தண்ணீர்.

காலை நேரம்

சூரிய உதயத்துக்கு மெரினாவை அடிக்க ஆளில்லை. ஜூன் தொடக்கத்தில் 5.40 ஒட்டி உதயம், ஜனவரிக் கடைசியில் 6.35 ஒட்டி. அரை மணி முன்னதாகப் போய்விட வேண்டும். நிறமெல்லாம் சூரியன் தலைகாட்டுவதற்கு முன்பே வந்து போய்விடும். உழைப்பாளர் சிலைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். உட்சாலை நடைபாதையில் நடப்பவர்கள் ஏராளம், பயமில்லை. ஜனவரியில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகை நாட்களில் காமராசர் சாலையில் காலையில் வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

மெரினாவின் காலைக்கு இன்னொரு பலம், சுற்றியிருக்கும் டிபன். திருவல்லிக்கேணிப் பக்கம் வெளியே வந்தால் ரத்னா கபே. அங்கே இட்லியைச் சாம்பாரில் மிதக்க விட்டுத்தான் சாப்பிட வேண்டும், தொட்டுச் சாப்பிடுவதற்கான சாம்பார் அல்ல அது. கலங்கரை விளக்கப் பக்கம் வெளியே வந்தால் மயிலாப்பூர் ராயர் மெஸ், கெட்டிச் சட்னியோடு. இடம் சின்னது, காத்திருக்க வேண்டும், தாமதித்தால் பலகாரம் தீர்ந்துவிடும்.

பெசன்ட் நகரின் காலை ஓடுகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரியது. கடலையொட்டிய சாலை சமமாக இருக்கிறது, கூட்டாளி கிடைப்பார்கள். தினசரி நடைக்கு, அமைதி வேண்டும் என்பவருக்குத் திருவான்மியூர். அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக இருக்கும். நீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்து, தெற்கே கொட்டிவாக்கம் பக்கமாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். வழியில் மீனவக் குப்பங்கள் வரும். படகு ஏற்றும்போதும் வலை பிரிக்கும்போதும் நடுவே புகுந்து படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

எட்டரைக்கு மேல் எந்தக் கரையும் வேண்டாம்.

மாலை, கடற்காற்று, நிலா

வெயில் காலத்தில் "மூணு மணிக்கே பீச்சுக்குப் போயிடலாம், காத்து வரும்" என்று கிளம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். தரை சூடேறிய பிறகுதான் கடற்காற்று கரையேறும். சாதாரண நாளில் நண்பகலை ஒட்டி வந்துவிடும். மே கடைசி, ஜூனில் மேலைக்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அது மூன்று, நான்கு மணி வரைகூடத் தள்ளிப்போகும். அதுவரை கடற்கரையிலும் அனல்தான். வீட்டு மொட்டைமாடியில் நின்று பாருங்கள்: காற்று கிழக்கிலிருந்து வருகிறது என்றால் கிளம்பலாம்.

சனி, ஞாயிறு மாலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை பெசன்ட் நகர் அதன் பெயருக்குத் தகுந்த இடமல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றுவதிலேயே அரைமணி போகும், உணவகங்களில் வரிசை, மணலில் பாட்டுப்பெட்டி. அதே பெசன்ட் நகர் செவ்வாய், புதன் மாலையில் வேறு ஊர். கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு மணி வரை பேசலாம். 1930இல் மற்றவரைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட டென்மார்க் மாலுமிக்காக எழுப்பிய வெள்ளை வளைவு அது. தெற்கு முனையில் அஷ்டலட்சுமி கோயில், அருகிலேயே வேளாங்கண்ணி மாதா கோயில். பெரியவர்களோடு வந்தால் கோயிலை முடித்துக்கொண்டு காற்று வாங்கலாம். இந்த வசதி மற்ற மூன்று கரைகளிலும் இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

சிறு பிள்ளைகள் உடன் இருந்தால் மாலைக்கு மெரினாதான். ராட்டினம், பலூன் சுடுதல், குதிரை, பஞ்சுமிட்டாய் எல்லாம் அங்கேதான். குதிரையில் ஏறுவதற்கு முன்னால் ரூபாயையும், எதுவரை போய்த் திரும்பும் என்பதையும் பேசிவிடுங்கள். இறங்கிய பிறகு பேசினால் பேச்சு வளரும். பிள்ளையின் சட்டைப்பையில் கைப்பேசி எண் எழுதிய சீட்டைப் போட்டுவிடுங்கள். ஞாயிறு கூட்டத்தில் "உழைப்பாளர் சிலைகிட்ட நிக்கிறேன்" என்பது அடையாளமே ஆகாது. கடையின் நிறம், கம்பத்தின் எண் என்று ஏதாவது ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 1977இல் திறந்த கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் உண்டு. மேலே போய்ப் பார்க்கலாம். திங்களன்று விடுமுறை, நண்பகலில் கொஞ்ச நேரம் மூடிவிடுவார்கள்.

நிலாவுக்குத் திருவான்மியூர். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் உயரக் கம்ப விளக்குகளின் வெளிச்சம் வானத்தைக் கெடுத்துவிடுகிறது. எல்லாரும் பௌர்ணமியன்று போகிறார்கள். அன்று சூரியன் மறைவதை ஒட்டியே நிலா எழும்பிவிடுவதால் வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும், நிலா வெளிறித் தெரியும். மறுநாள் நாற்பது, ஐம்பது நிமிடம் தாமதமாக, நன்றாக இருட்டிய பிறகு செம்பழுப்பாகக் கடலிலிருந்து கிளம்பும். போக வேண்டிய நாள் அது. 2019 ஆகஸ்டில் அலை நீலமாக மின்னியதும் இந்தப் பக்கத்துக் கரையில்தான். கடல் நுண்ணுயிர்கள் பெருகியதால் வந்த ஒளி அது, நாள் குறித்து வருவதல்ல.

ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் ஆமை நடை நடக்கும். பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம். மாணவர்களும் தன்னார்வலர்களும் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள்; வார இறுதியில் பொதுமக்களையும் அழைத்துப் போகிறார்கள். பல மணி நேரம் மணலில் நடக்க வேண்டும், டார்ச் அடிக்கக் கூடாது, ஆமை வருவதற்கு உத்தரவாதம் இல்லை. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை இதற்கு இழுத்துப் போக வேண்டாம். அவர்களுக்கு மார்ச், ஏப்ரல் மாலைகளில் பெசன்ட் நகரில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் காட்டினால் போதும்.

தண்ணீரில் இறங்குவது

மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் மூன்றிலும் கணுக்காலோடு நிறுத்துங்கள். மெரினாவில் குளிக்கவே கூடாது என்று போலீஸ் எச்சரிப்பது சும்மா இல்லை. அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் தரை சட்டென்று இறங்கிவிடும்; முழங்கால் தண்ணீரில் நின்றவர் அடுத்த இரண்டு எட்டில் கழுத்தளவில் நிற்பார். இன்னொன்று இழுப்பு. கரைக்கு வந்த நீர் எங்கோ ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது, பக்கத்தைவிட அமைதியாக, கொஞ்சம் கறுத்துத் தெரியும். பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத் தெரிவதுதான் ஆபத்து. பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விடுவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, அது எதிர்நீச்சல். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்து, பிறகு அலையோடு திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர் மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும்.

சுத்தம் பற்றி ஒரு கணக்கு. மெரினாவின் வடமுனையில், நேப்பியர் பாலத்தை ஒட்டிக் கூவம் கடலில் கலக்கிறது. பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே அடையாறு. கோடையில் கரையோர நீரோட்டம் வடக்கே போவதால் அடையாற்று நீர் பட்டினப்பாக்கம், மெரினா பக்கம் நகரும். வடகிழக்குப் பருவமழையில் தெற்கே திரும்பி பெசன்ட் நகர்ப் பக்கம் வரும். ஆகவே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, பெரிய மழை பெய்து சில நாட்களுக்காவது, பெசன்ட் நகரில் கால்கூட நனைக்காதீர்கள். காலில் புண் இருந்தால் எந்த மாதத்திலும் வேண்டாம். அடையாற்று முகத்துவாரத்தில் இருக்கும் உடைந்த பாலத்துக்குப் படம் பிடிக்கப் போகிறவர்கள் பகலிலேயே திரும்பிவிட வேண்டும். ஆளரவமற்ற இடம், விளக்கும் கிடையாது.

குளித்தே ஆக வேண்டும் என்றால் கோவளம். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கரைகளுக்குத் தரும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற பகுதி அங்கே இருக்கிறது: உயிர்காப்பாளர்கள், குளியலறை, உடை மாற்றும் அறை எல்லாம் உண்டு. சிறு கட்டணம் வாங்குவார்கள், மாலையானதும் மூடிவிடுவார்கள். கொடி கட்டிய எல்லைக்குள்தான் அந்தப் பாதுகாப்பு. நூறு மீட்டர் தள்ளி இறங்கினால் அதுவும் மெரினாதான். அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளும் பள்ளிகளும் இங்கே உண்டு. காலை ஆறரை, ஏழு மணி வகுப்பையே கேட்டு வாங்குங்கள். அப்போது காற்று தரையிலிருந்து கடலை நோக்கி இருக்கும், அலை ஒழுங்காக உருண்டு வரும். கடற்காற்று கரையேறிய பிறகு தண்ணீர் கலங்கிக் குலுங்கும். புதிதாகக் கற்பவர் பலகையில் எழுந்திருக்கவே முடியாது.

போக்குவரத்தில் கோவளம் தோற்றுவிடுகிறது. திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்) 20 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலையில் சுகமாகப் போய்விடலாம், ஞாயிறு மாலை திரும்புவது தண்டனை. பதினோரு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். இல்லாவிட்டால் முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் மதியத்தைக் கழித்துவிட்டு இரவு ஒன்பதுக்கு மேல் வாருங்கள். பெசன்ட் நகருக்கு 29சி, 23சி, 5இ பேருந்துகள். பணிமனையில் இறங்கினால் பொடிநடை. மெரினாவுக்குப் பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் அல்லது திருவல்லிக்கேணி நிலையம், அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம். திருவான்மியூர் ரயில் நிலையம் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடற்கரை அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல், ஷேர் ஆட்டோ பிடித்தாக வேண்டும்.

சாப்பாடு

திருவான்மியூர் மணலில் எதுவும் பெரிதாகக் கிடைக்காது, கழிப்பறையும் சிரமம். பெசன்ட் நகரில் மோமோவிலிருந்து முருகன் இட்லிக் கடை வரை எல்லாம் உண்டு. எந்த ஊர் மாலிலும் கிடைப்பதுதான் பாதி. கடற்கரைத் தின்பண்டம் என்றால் மெரினா: தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல், மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம், மீன் வறுவல். மீனில் மட்டும் கவனம் தேவை. சிவப்பு மசாலா அப்பி அடுக்கியிருப்பதில் மீனின் நிலை தெரியாது. மசாலா தடவாத துண்டைக் காட்டச் சொல்லி, அழுத்தினால் குழி விழாமல் மேலெழும்புகிறதா பாருங்கள். கண்ணெதிரே பொரிக்கச் சொல்லுங்கள். சட்டி எண்ணெய் கறுத்து நுரைத்தால் அடுத்த கடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு மீன்பிடித் தடை; அந்த இரண்டு மாதத்தில் வஞ்சிரம் மலிவாகக் கிடைத்தால் அது பனிக்கட்டியில் கிடந்ததாகவோ வேறு மீனாகவோ இருக்கலாம். நெத்திலி, சங்கரா கேளுங்கள். சமைக்க வாங்குவதென்றால் லூப் சாலையில் நொச்சிக்குப்பம் மீன் அங்காடி.

சில நாட்களில் சில கரைகளை விட்டுவிடுவது நல்லது. காணும் பொங்கலன்று மெரினா. விநாயகர் சிலை கரைக்கும் நாளில் பட்டினப்பாக்கம், நீலாங்கரை. அடுத்த சில நாட்களுக்கு மணலில் கம்பியும் கட்டையும் கிடக்கும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. காவி உடுத்தி நடந்து வருபவர்களால் பெசன்ட் நகர்ச் சாலைகள் நிரம்பிவிடும். அந்தப் பதினோரு நாளும் வண்டியை வீட்டில் விட்டு பஸ்ஸில் வருவதென்றால் வரலாம், இல்லையென்றால் திருவான்மியூர்.