பெயர்பெற்ற பூல் கியூக்களும் யாழ்ப்பாணத்து வாங்குநரும்

யாழ்ப்பாணத்தில் பூல் விளையாட்டை வெறும் பொழுதுபோக்காகக் கொள்ளாமல் முறையாகப் பழகுபவர்கள், மேசையோடு கிடக்கும் பொதுக் கியூவை (பந்தைத் தட்டும் நீண்ட தடியை) விட்டுத் தமக்கென ஒன்றை வைத்திருக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவற்றுட் பல ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினரின் பயணப்பெட்டியில் வந்து சேர்பவை. 58 அங்குல நீளமுள்ள கியூ நடுவிற் கழன்று ஏறத்தாழ 29 அங்குலத் துண்டுகள் இரண்டாகப் பிரிவதால், பெரிய பெட்டிக்குள் அதனை வைத்துவிடலாம். வந்து சேர்ந்ததும் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, அது எந்த நிறுவனத்தின் பெயருடையது என்பதுதான். அதற்குக் கிடைக்கும் விடையை மட்டும் நம்பி விலை பேசுவது இன்று பாதுகாப்பானதன்று என்பது என் உறுதியான கருத்து. எந்த ஆண்டில், எந்த நாட்டுப் பட்டறையில் அது செய்யப்பட்டது என்பதே முதலில் கேட்கப்படவேண்டும். அதற்கான காரணத்தை, நான் நெடுநாள் கையாண்ட மூன்று கியூக்களை முன்வைத்து விளக்குகிறேன். 1980களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு மக்டெர்மொட், பழைய பெயரொன்றைத் தாங்கி அண்மையில் வேறொரு நாட்டிற் செய்யப்பட்ட ஒரு கியூ, பந்தைத் தட்டும் முன்பாதியான முன்தண்டு காபன் இழையால் ஆன ஒரு கியூ என்பனவே அவை.

முதலில் மக்டெர்மொட். ஜிம் மக்டெர்மொட் 1975இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் தொடங்கிய இந்த நிறுவனம், தனிக் கைவினைஞர் ஒருவர் ஆண்டுக்குச் சில கியூக்களைக் கடைந்து தரும் முறைக்கும், ஆயிரக்கணக்கில் அச்சடித்தாற்போல் வெளிவரும் மலிவுச் சரக்குக்கும் இடைப்பட்ட ஒரு வழியைத் தேர்ந்தது. அதாவது, ஒரே மாதிரியைத் தொடர்ந்து பல எண்ணிக்கையிற் செய்தாலும், மரத்தைத் தெரிவதிலும் காயவைப்பதிலும் கடைவதிலும் கைவினைஞரின் நிதானத்தை விட்டுவிடாத வழி. நான் பயன்படுத்துவது 1980களின் டி வரிசையைச் சேர்ந்தது. கைப்பிடிப் பாதியான அடித்தண்டிற் சுற்றப்பட்ட ஐரிஷ் லினன் நூல் வியர்வையிற் கறுத்துவிட்டது. வார்னிஷ் சில இடங்களில் மங்கிவிட்டது. முன்தண்டோ இன்றும் நேராக இருக்கிறது. மேப்பிள் மரத்தின் நார் ஓட்டம் இணைப்பிலிருந்து, நுனியில் வளையமாக உள்ள பூண் வரை விலகாமல் ஓடுகிறது. பூணுக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள கோட்டில் நகம் தடைப்படவில்லை. வெள்ளைப் பந்தை நடுவில் தட்டும்போது கிடைக்கும் ஒலி தாழ்ந்தும் திண்மையாகவும் இருக்கிறது. கைக்கு வரும் அதிர்வு, பந்தில் எவ்விடத்தைத் தொட்டோம் என்பதைத் தவறாமற் சொல்கிறது. உருக்கு வளையம் இல்லாமல் மரத்தோடு மரம் பொருந்தும் அதன் இணைப்பே இந்த மென்மைக்குப் பெரிதும் காரணம். உருக்கு இணைப்புள்ள ஜோஸ், ஷோன் என்னும் வேறு அமெரிக்க நிறுவனங்களின் கியூக்களைப் பிடித்துப் பழகியவர்கள் இதனைச் சற்றுத் தளர்வானதென்று கருதக்கூடும். அது சுவை பற்றியது, தரம் பற்றியதன்று.

இத்தகைய கியூக்களுக்கு மதிப்பு எவ்வாறு வந்தது என்பதை அறிந்தாலன்றி, அந்த மதிப்பு எங்கே கரைந்தது என்பதும் விளங்காது. 1845இல் சின்சினாட்டியில் தொடங்கிய பிரன்ஸ்விக் நிறுவனம் பொது மண்டபங்களுக்காகச் செய்த டைற்லிஸ்ற் கியூக்களில், இரு வகை மரங்களை நீண்ட கூர்களாக வெட்டி ஒன்றினுள் ஒன்று பொருத்தும் வேலை அத்தனை உறுதியாக இருந்தது. ரஷ்யாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய கியூக் கைவினைஞர் ஜோர்ஜ் பலபுஷ்கா, தம் தொடக்ககாலக் கியூக்கள் பலவற்றுக்கு அந்தத் தொழிற்சாலைக் கட்டைகளையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார். இன்று பெருஞ்செல்வர்கள் மட்டுமே வாங்கக்கூடிய கைவினைக் கியூக்களின் அடியில் ஒரு தொழிற்சாலையின் மரவேலை இருக்கிறது. தொழிற்சாலையிற் செய்தது என்பதாலேயே ஒரு கியூவைத் தாழ்வாக எண்ணுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

பின்னர் 1965இல் கோர்டன் ஹார்ட் தொடங்கிய வைக்கிங், 1968இல் டான் ஜேன்ஸும் பில் ஸ்ட்ரவுடும் போல்ற்றிமோரில் தொடங்கிய ஜோஸ், மிசிசிப்பியில் பொப் மியூச்சி நடத்திய பட்டறை என்று ஒரு தலைமுறை உருவாயிற்று. மியூச்சியின் வளைந்து கொடுக்கும் முன்தண்டைப் பற்றி ஆட்டக்காரர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஜோஸின் புகழுக்கு ஒரு திரைப்படமும் காரணம். 1986இல் போல் நியூமனும் ரொம் குரூஸும் நடித்து வெளிவந்த படத்தில் பலபுஷ்கா என்று காட்டப்பட்ட கியூ, உண்மையில் ஜோஸ் தொழிற்சாலையின் வழக்கமான ஒரு மாதிரியே. திரையில் அதனைப் பார்த்தவர்கள் வேறுபாட்டைக் காணவில்லை என்பது அந்தக் காலத் தொழிற்சாலை வேலைக்குக் கிடைத்த நற்சான்று.

உற்பத்தி அமெரிக்காவை விட்டு வெளியேறியதே தரம் குறைந்ததற்குக் காரணம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது முழு உண்மையன்று. 1970களிலேயே ரிச்சர்ட் ஹெல்ம்ஸ்ரெற்றர் ஜப்பானில் ஆடம் கியூக்களைச் செய்வித்தார். பின்னாளில் கோல்ஃப் உலகில் கலவே நிறுவனத்தின் பிக் பேர்த்தா மட்டையை வடிவமைத்தவரும் அவரே. ஜப்பானிய மெஸ் கியூக்களின் இணைப்புத் துல்லியத்தை எவரும் குறைகூறுவதில்லை. அடுத்து தாய்வானும், அதன்பின் சீனப் பெருநிலமும் இத்தொழிலை ஏற்றன. கணினியால் இயங்கும் செதுக்கு இயந்திரங்கள் வந்தபின், முன்னர் கைவினைஞரின் பல நாள் உழைப்பைக் கேட்ட முத்துச்சிப்பிப் பதிப்பு வேலை சில நிமிடங்களில் முடிந்தது. இவை யாவும் வாங்குநருக்கு நன்மையே. தீங்கு வந்தது வேறு வழியால். ஒரே பெயரின் கீழ் உள்ளூர்ப் பட்டறை வேலையும் வெளிநாட்டில் விலைபேசிச் செய்வித்த வேலையும் அருகருகே விற்கப்படத் தொடங்கின; சில பெயர்கள், முன்னைய பட்டறையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்களுக்குக் கைமாறின. பெட்டியின் மேலுள்ள எழுத்தோ மாறவில்லை.

என்னிடமுள்ள இரண்டாவது கியூ அத்தகையது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு மாதிரியில் கண்ட குறையை அந்தப் பெயரின் எல்லாக் கியூக்களின் மீதும் ஏற்றுவது நியாயமாகாது. பார்வைக்கு அது மக்டெர்மொட்டைவிட அழகானது. கருங்காலியும் முத்துச்சிப்பியும் பதித்ததுபோலத் தோன்றும் எட்டுக் கூர்கள் அடித்தண்டிற் காணப்படுகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், அவை மரத்திற் பதிக்கப்பட்டவையல்ல, வார்னிஷுக்கு அடியில் ஒட்டிய படம் என்பது தெரியவரும். ஒட்டுப்படத்தால் ஆட்டம் கெடாது; எனவே அதனை ஒரு குறையாகக் கணக்கிடவில்லை. முன்தண்டுதான் மன்னிக்கமுடியாதது. வாங்கியபோது நேராக இருந்த அது, கார்த்திகை, மார்கழி மழை முடிவதற்குள் நடுவில் வளைந்துவிட்டது. ஒரே அலுமாரியில் பக்கத்தில் இருந்த பழைய மக்டெர்மொட்டுக்கு எதுவும் நேரவில்லை.

இந்த வேறுபாடு தற்செயலானதன்று. முன்தண்டுக்கான மேப்பிள் மரத்தைச் சூளையிற் காயவைத்து, அதன் ஈரப்பதத்தை 6 முதல் 8 வீதத்துக்குள் கொண்டுவருவார்கள். பின்னர் அதனை ஒரே தடவையில் இறுதி அளவுக்குக் கடைவதில்லை. சிறிது கடைந்து, செங்குத்தாகத் தொங்கவிட்டு, மரத்தினுள் அடங்கியிருந்த இழுவை வெளிப்பட்டு அது வளையுமானால் வளையவிட்டு, வளைந்ததைக் கழித்து, நின்றதை மீண்டும் சிறிது கடைவார்கள். இவ்வாறு மாதக்கணக்கில் நீளும் வேலைதான் கியூவின் உண்மையான விலை. காத்திருக்கும் மரம் பட்டறையில் இடத்தை அடைத்துக்கொண்டு, முதலீட்டையும் முடக்கி வைக்கிறது. விலையைக் குறைக்கவேண்டியவர் முதலிற் குறைப்பது இந்தக் காத்திருப்பையே. அலங்காரத்தைக் குறைத்தால் கடைக்காரர் கண்டுகொள்வார். காத்திருப்பைக் குறைத்தால் அடுத்த மாரி வரை எவருக்கும் தெரியாது. கடல் மூன்று புறமும் சூழ்ந்த இந்தக் குடாநாட்டில், பங்குனி, சித்திரையின் வறண்ட வெயிலும் வடகீழ்ப் பருவக்காற்றின் ஈரமும் மாறிமாறி மரத்தைச் சோதிக்கின்றன. குளிரூட்டிய மண்டபத்தில் ஆண்டுக்கணக்கில் நேராக நிற்கக்கூடிய தண்டு இங்கே தாங்காமற் போகலாம்.

மூன்றாவது, காபன் இழை முன்தண்டு. இதன் வரலாறு 1990களில் தொடங்குகிறது. புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்தில், அயன் வில்லி என்று பெயரிட்ட ஓர் இயந்திரக் கையைக்கொண்டு பந்தை மீண்டும் மீண்டும் தட்டிப் பரிசோதித்தவர்கள், நடுவை விட்டுப் பக்கத்தில் தட்டிப் பக்கச் சுழற்சி கொடுக்கும்போது வெள்ளைப் பந்து குறியிலிருந்து எதிர்ப்புறம் விலகுவதை அளந்தார்கள். தண்டின் நுனிப்பகுதியின் எடையே அந்த விலகலைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது தெளிவாயிற்று. 1994இல் வெளிவந்த பிரடேற்றர் 314 முன்தண்டு, பத்து மேப்பிள் துண்டுகளை வட்டமாக ஒட்டிச் செய்யப்பட்டு, நுனி உள்ளே குடையப்பட்டிருந்தது. பழைய நிறுவனங்கள் யாவும் பின்னர் தத்தம் பாணியில் இதனைப் பின்பற்ற நேர்ந்தது. 2016இல் பிரடேற்றர் நிறுவனம் ரெவோ என்ற காபன் இழைத் தண்டை வெளியிட்டது. 2019இல் கியூரெக் நிறுவனத்தின் சினர்ஜி வந்தது. சினர்ஜியோடு ஆடிய அமெரிக்க ஆட்டக்காரர் ஷேன் வான் போனிங் 2022இல் உலக ஒன்பது பந்துப் பூல் பட்டத்தை வென்றார். கியூரெக் 1980களின் இறுதியில் மேப்பிளின் மேல் கண்ணாடி இழை போர்த்திய தண்டுகளால் அறிமுகமான பெயர். அக்காலத்தில் அதனை மலிவுச் சரக்கென்று ஒதுக்கியவர்கள் உண்டு. பெயரின் மதிப்பு கீழ்நோக்கி மட்டுமன்றி மேல்நோக்கியும் நகரும் என்பதற்கு அது சான்று.

யாழ்ப்பாணத்துக் காலநிலைக்குக் காபன் தண்டு மிகப் பொருத்தமானது. ஈரத்தால் அது வளைவதில்லை. ஈரத்துணியால் துடைத்தால் சுண்ணப்பொடி போய்விடுகிறது. விரல்களுக்கிடையே அது வழுக்கும் தன்மை வியர்வையிலும் குறைவதில்லை. பக்கச் சுழற்சியோடு தூரப் பந்தைத் தட்டும்போது குறியைத் திருத்தவேண்டிய அளவு தெளிவாகக் குறைகிறது. ஆனால், அது எழுப்பும் வெறுமையான ஒலி எனக்கு இன்னும் உவப்பாக இல்லை. மரத்தில் கைக்கு வந்த நுண்ணிய செய்தி இதில் ஒரே சீராக மழுங்கி வருகிறது. பழைய தண்டிற் பழகியவர், தம் உடல் அறியாமலே செய்துவந்த திருத்தத்தை மறக்கும் வரை தவறவிட்டுக்கொண்டே இருப்பார். தண்டு மட்டுமே 500 டொலரை ஒட்டி விற்கப்படுவது, இங்குள்ள பெரும்பாலான இளைஞருக்கு எட்டாத விலை.

பழுது பார்ப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். பந்தைத் தொடும் நுனியிலுள்ள தோல்முனையை மாற்றுவதை இங்கே ஆட்டக்காரர்கள் கையாலேயே செய்துகொள்கிறார்கள். மரத்தண்டில் அது கடினமன்று. காபன் தண்டில், பழைய முனையை வெட்டும்போது கத்தி வழுக்கி விளிம்பைச் சிராய்த்தால், மரத்தைப்போல உப்புத்தாள் தேய்த்துச் சரிசெய்ய இயலாது. பூண் பிளந்தாலோ இணைப்பு ஆணி தளர்ந்தாலோ, இரும்பு கடையும் லேத் பட்டறைக்குக் கொடுப்பதைத் தவிர்க்கவேண்டும். கியூவின் தண்டு நீளத்தில் மெலிந்து செல்வதால், அதைத் தாங்கிப் பிடிக்கும் தனி ஏற்பாடு இல்லாத இயந்திரத்தில் அது அதிர்ந்து பழுதாகும். மக்டெர்மொட் தன் கியூக்களுக்கு வளைவையும் உள்ளடக்கிய ஆயுட்கால உத்தரவாதம் தருகிறது. அது பாராட்டத்தக்கதெனினும், விஸ்கொன்சினுக்கு அனுப்பித் திருப்பி எடுக்கும் செலவை எண்ணும்போது இங்கிருப்பவருக்கு அதன் பயன் குறைவே.

எனவே இங்கே கைமாறும் கியூ ஒன்றைப் பார்ப்பவர், இரு பகுதிகளையும் கழற்றி, முன்தண்டைத் தனியாக மேசைமேல் உருட்டவேண்டும். பூட்டிய நிலையில் மட்டும் உருட்டினால், இணைப்பின் பிழையும் தண்டின் வளைவும் ஒன்றாகத் தெரிந்து குழப்பும். நாரின் ஓட்டம் பக்கவாட்டில் வெளியேறும் தண்டை, எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் ஏற்கவேண்டாம். கருங்காலி என்று விலை சொன்னால், கூர்களின் நுனியைப் பாருங்கள்: கைவேலைப் பொருத்தில் அவை ஊசிபோல முடியும், இயந்திரத்தால் குடைந்து பதித்தவற்றின் நுனி சிறிது உருண்டிருக்கும், ஒட்டுப்படத்தில் மரநாரே இராது. எங்கள் காடுகளில் வளரும் கருங்காலியே உலகின் மிகச் சிறந்த கரிய மரங்களுள் ஒன்று என்பதும், இன்று அது பாதுகாக்கப்படும் மரம் என்பதும் நினைவிருந்தால், மலிவான கியூவில் அது எப்படி வந்தது என்ற ஐயம் தானாக எழும்.

மூன்றில் எதனை வாங்கச் சொல்வேன் என்று கேட்டால், முன்தண்டு கெட்டிருந்தாலும் அடித்தண்டு நேராக உள்ள பழைய மக்டெர்மொட்டையே சொல்வேன். அதன் இணைப்பாணி 3/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 10 மரையும் கொண்டது. அந்த அளவை நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறது. மேப்பிளோ காபனோ, அதே மரையுள்ள புதிய தண்டொன்றை அடுத்த விடுமுறைக்கு வருபவரிடம் தனியாகச் சொல்லி எடுப்பிக்கலாம். ஓடர் கொடுக்கும்போது மரை அளவோடு, இணைப்பிடத்தின் விட்டத்தையும் மில்லிமீற்றரில் அளந்து எழுதி அனுப்பவேண்டும். அது பொருந்தாவிட்டால் தண்டு பூட்டப்பட்டாலும் விளிம்பு கையில் தட்டும்.