ஹாலோ நைட்டா, பேப்பர்ஸ் ப்ளீஸா, ஃபேக்டோரியோவா? பிசிக்கு வரும் கன்சோல்காரருக்கு முதல் இண்டி கேம்

வருஷக்கணக்கில் பிளேஸ்டேஷனே கதி என்று இருந்தவர் பிசி பக்கம் வந்து, சின்னக் குழுக்கள் சொந்தமாகச் செய்யும் இண்டி கேம்களில் எதில் தொடங்கலாம் என்று கேட்டால் முதலில் காதில் விழும் பெயர் ஹாலோ நைட். அருமையான கேம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கன்சோலிலும் அப்படியே கிடைக்கும் ஒன்றை வாங்கவா பிசிக்கு வந்தோம்? மவுஸும் கீபோர்டும் இல்லாவிட்டால் பாதி சுவை போய்விடும் கேம்களும் இருக்கின்றன. என் பார்வையில் முதலில் தொட வேண்டியவை அவைதான். அதனால் இந்த மூன்றையும் அந்த ஒரு கணக்கை வைத்தே பார்க்கிறேன். கிராஃபிக்ஸ், எத்தனை மணி நேரம் ஓடும் என்பதெல்லாம் அப்புறம்.

ஹாலோ நைட்டை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற சின்னக் குழு செய்தது. 2017 பிப்ரவரியில் பிசிக்கு வந்தது, அடுத்த வருஷமே நிண்டெண்டோவின் சுவிட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்ற மூன்று கன்சோல்களிலும் ஏறிவிட்டது. பூச்சிகளின் பாழடைந்த ராஜ்ஜியத்துக்குள் சுற்றித் திரிவதுதான் கதை. புதிய இடத்துக்குள் நுழைந்தால் வரைபடம் இருக்காது. ஏதோ மூலையில் ராகம் இழுத்தபடி நிற்கும் கார்னிஃபர் என்ற ஆசாமியைத் தேடிப் பிடித்துக் காசு கொடுத்து வாங்க வேண்டும், வாங்கியதும் அரைகுறையாகத்தான் இருக்கும். வரைபடத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிவதற்கே தனியாக ஒரு தாயத்து மாட்ட வேண்டும்! செத்தால் கையிலிருந்த காசு செத்த இடத்திலேயே தங்கிவிடும், திரும்பிப் போய் நம் நிழலையே அடித்து வீழ்த்தி மீட்க வேண்டும்.

இதில் எதற்கும் பிசி தேவையில்லை. கண்ட்ரோலரில்தான் இது கச்சிதமாக ஆடும், அதே கண்ட்ரோலர் உங்கள் சோபாவில் ஏற்கெனவே கிடக்கிறது. பிசியில் கூடுதலாக இருப்பது மாட்கள், அதாவது கேமை மாற்றி ஆட ரசிகர்கள் செய்த இணைப்புகள். ராண்டமைசர் என்ற மாட் பொருள்களையெல்லாம் இடம் மாற்றிக் கலைத்துப் போட்டுவிடும், தெரிந்த ஊரிலேயே வழி தவறலாம். ஆனால் அது கேமை ஒருமுறை முடித்தவருக்கான விருந்து, புதிதாக வருபவருக்கு அல்ல.

கண்ட்ரோலரோடு பிசிக்கு வருபவர்களுக்கு இன்னொரு சின்ன இம்சை. பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரைச் செருகினாலும் பல பிசி கேம்களில் திரையில் எக்ஸ்பாக்ஸ் பட்டன்கள்தான் தெரியும். ‘எக்ஸ் அழுத்து’ என்று வந்தால் நம் கட்டைவிரல் தானாகக் கீழே இருக்கும் பெருக்கல் குறிக்குப் போகும். எக்ஸ்பாக்ஸில் எக்ஸ் இருப்பது இடது பக்கம், நமக்குச் சதுரம் இருக்கும் இடத்தில். பழகும்வரை வாய்க்குள் திட்டிக்கொண்டே ஆட வேண்டியதுதான்.

பேப்பர்ஸ் ப்ளீஸ் வேறு ரகம். லூகாஸ் போப் என்ற ஒரே ஆள் உருவாக்கி 2013இல் வெளியிட்டார். பெரிய கன்சோல்கள் எதற்கும் இது வரவில்லை. வீட்டா என்ற கையடக்கப் பிளேஸ்டேஷனுக்கு மட்டும் வந்தது, அது போக டேப்லெட், போன். அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் ஓர் அதிகாரி, வருஷம் 1982. வரிசையில் வருபவரின் பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்தி உள்ளே விடுவதோ திருப்பி அனுப்புவதோதான் வேலை. கேட்க சப்பென்று இருக்கிறது அல்லவா?

அந்த மேசைதான் கேமே. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், கர்சரால் இழுத்து ஒதுக்கி வைக்க வேண்டும். முதல் நாள் பாஸ்போர்ட் மட்டும். நாள் போகப்போக நுழைவு அனுமதி, வேலை அனுமதி, அடையாள அட்டை என்று குவிந்துகொண்டே போகும், மேசை மட்டும் அதே அளவுதான். ஈஸ்ட் கிரெஸ்டின் அர்ஸ்டோட்ஸ்காவின் ஊர், வெஸ்ட் கிரெஸ்டின் பக்கத்து நாடான கொலேச்சியாவின் ஊர். ஒன்றை மற்றதாகப் படித்துவிட்டால் சிறிது நேரத்தில் கடகடவென்று அச்சாகி வரும் ஒரு குறிப்பாணை. ஒரு நாளில் முதல் இரண்டு தப்புக்கு எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து அபராதம். சரியாகப் பார்த்து அனுப்பும் ஒவ்வொருவருக்கும் 5 கிரெடிட் கூலி. மாலையில் வாடகை, சாப்பாடு, வீட்டைச் சூடாக்கும் செலவு என்று கழித்தால் சில நாள் ஒன்றும் மிஞ்சாது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போகும். மறுநாள் ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி, அனுமதிச் சீட்டு இல்லை, அவள் கணவனை இப்போதுதான் உள்ளே விட்டிருக்கிறீர்கள். விடுவீர்களா?

இதைக் கண்ட்ரோலரின் குச்சியை நகர்த்தி நகர்த்தி ஆடுவதை நினைத்துப் பாருங்கள். அவசரத்தில் மேசையைக் கலைத்துப் போட்டு, வேண்டிய தாளைத் தேடித் தவிக்கும் அந்தப் பதற்றம் கையோடும் மவுஸோடும் சேர்ந்தது. பழைய ஆபீஸ் லேப்டாப்பில்கூட ஓடும் என்பது உபரி லாபம்.

ஃபேக்டோரியோ செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள வூப் சாஃப்ட்வேர் செய்தது. பல வருஷம் முன்னோட்டப் பதிப்பாகவே விற்று, 2020 ஆகஸ்ட்டில் முழுமை பெற்றது. யாருமில்லாத கிரகத்தில் விழுந்துவிட்டீர்கள், கையால் இரும்பு தோண்டித் தொடங்கி ராக்கெட் விடும் அளவுக்கு ஆலை கட்ட வேண்டும். புதுத் தொழில்நுட்பம் திறக்கத் தேவையான முதல் ஆராய்ச்சிப் பொட்டலத்துக்கு ஒரு செப்புத் தகடும் ஒரு பல்சக்கரமும் போதும், பல்சக்கரத்துக்கு இரண்டு இரும்புத் தகடு. அவ்வளவுதானே என்று பொருள்களை நகர்த்தும் பெல்ட் போடுவீர்கள். ஒவ்வொரு பெல்ட்டிலும் இரண்டு தடம், பொருளை எடுத்து வைக்கும் இயந்திரக் கை எப்போதும் எதிர்ப்பக்கத் தடத்தில்தான் வைக்கும். இதைக் கவனிக்காமல் கட்டினால் ஒரு தடம் நிரம்பி வழிய, மறுதடம் காலியாக ஓடும், ஏன் என்று புரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். போதாததற்கு ஆலைப் புகை பரவிய இடத்திலிருந்தெல்லாம் பூச்சிகள் படையெடுத்து வரும்.

சுவிட்சில் 2022 முதல் இருக்கிறது, பிசியிலும் கண்ட்ரோலருக்கு வழி செய்துவிட்டார்கள். ஆனாலும் கட்டிய பகுதியை கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி போட்டு அப்படியே நகலெடுத்து ஒட்டும் சுகம் கீபோர்டில்தான். ஆல்ட் பட்டனைத் தட்டினால் எந்த இயந்திரம் எதைச் செய்கிறது என்பது படமாகத் தெரியும், இதை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

விலையில்தான் இது இடிக்கும். ஃபேக்டோரியோவுக்குத் தள்ளுபடியே கிடையாது, அது அவர்களின் கொள்கை. 2023 ஜனவரியில் 30 டாலரை 35 ஆக ஏற்றினார்களே தவிர இறக்கவில்லை. ஆனால் டெமோ இலவசம், பிடிக்குமா பிடிக்காதா என்று அதிலேயே தெரிந்துவிடும். மற்ற இரண்டும் பிசி கேம்களுக்கான இணையக் கடையான ஸ்டீமின் தள்ளுபடியில் அடிக்கடி வருபவை. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் காசைத் திரும்பக் கேட்கலாம்.

வெண்பாவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட, கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. அடுத்த வருஷம் அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. கட்டாயம் ஆடுங்கள், ஆனால் கன்சோலிலேயே ஆடிவிடலாம். மலையேறும் கேமான செலஸ்டேயும் அப்படித்தான், ஸ்ட்ராபெரி ஜாம் என்ற இலவச மாட் மட்டும் பிசிக்காரர்களின் அதிர்ஷ்டம். ரசிகர்கள் சேர்ந்து செய்தது, நூற்றுக்கும் மேற்பட்ட மலைப்பாதைகள் அதில் இருக்கின்றன.

ஆக, என் வரிசை: முதலில் பேப்பர்ஸ் ப்ளீஸ், அதை முடித்த கையோடு ஃபேக்டோரியோ டெமோ. ஹாலோ நைட்டைக் கன்சோலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், பிசியில் பாதி விலைக்குக் கிடைத்தாலொழிய. கணக்குப் பார்த்தாலே தலைவலி வரும் ஆளாக இருந்தால் ஃபேக்டோரியோவை விட்டுவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம், லேப்டாப்பை டிவியோடு இணைத்து சோபாவில் சாய்ந்துகொண்டு பேப்பர்ஸ் ப்ளீஸையும் ஃபேக்டோரியோவையும் ஆடிப் பார்க்க வேண்டாம். மவுஸ் வைக்க ஒரு மேசை வேண்டும், டச்பேடில் ஆடினால் எல்லையில் பாதி வரிசை நகர்வதற்குள் சாவடி மூடும் நேரமான ஆறு மணி ஆகிவிடும்.