பழைய பேட்டரி வண்டிக்கு நியாய விலை: நான்கு கணக்கு, நான்கு தொகை

2025 தீபாவளி முடிந்த வாரம் என் சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்து, "அண்ணே, வண்டிய குடுத்துரலாம்னு இருக்கேன், என்ன வெல சொல்லலாம்?" என்று கேட்டான். 2023 மே மாதம் மதுரையில் எடுத்த மின்சார ஸ்கூட்டர். 3 கிலோவாட்-ஹவர் (அதாவது 3 யூனிட் மின்சாரம் கொள்ளும்) பேட்டரி, ஆன்-ரோடு விலை, அதாவது இன்சூரன்ஸ், பதிவுச் செலவெல்லாம் சேர்த்து 1,22,000 ரூபாய், ஓட்டம் 24,000 கிலோமீட்டர், முதல் உரிமையாளர், கீழே விழுந்ததில்லை. பெட்ரோல் வண்டியாக இருந்தால் தெருமுனை மெக்கானிக் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டே விலை சொல்லியிருப்பார். இதற்கு அவரும் கையை விரித்துவிட்டார். விசாரித்த இடமெல்லாம் ஆளுக்கொரு தொகை வந்தது: 85,000, 75,000, 42,000. நாங்கள் உட்கார்ந்து போட்ட கணக்கில் 57,000. ஒரே வண்டிக்கு இப்படி இரண்டு மடங்கு இடைவெளி எப்படி வருகிறது, இதில் எதை நம்பலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

முதலில் 85,000. இதைச் சொன்னவர் இன்சூரன்ஸ் பார்க்கும் தெரிந்தவர். இன்சூரன்ஸில் ஐ.டி.வி., அதாவது வண்டியின் காப்பீட்டு மதிப்பு போடும்போது வண்டியின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. இரண்டரை வருட வண்டி என்பதால் பில் தொகையில் 30 சதவீதம் கழித்தால் 85,400. பார்க்க ஒழுங்கான கணக்கு, கையில் அட்டவணையும் இருக்கிறது, அதனால் விற்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த அட்டவணை வண்டி திருடுபோனாலோ முழுசாக நொறுங்கினாலோ கம்பெனி எவ்வளவு தர வேண்டும் என்பதற்காகப் போட்டது, பெட்ரோல் வண்டிக்கும் பேட்டரி வண்டிக்கும் ஒரே அளவுகோல், பேட்டரி என்ன நிலையில் இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் பில்லிலேயே இருக்கிறது. 2023 மே 31 வரை மத்திய அரசின் ஃபேம்-2 திட்டத்தில் ஒரு கிலோவாட்-ஹவருக்கு 15,000 ரூபாய் மானியம், ஆலை விலையில் 40 சதவீதம் வரை. 3 கிலோவாட்-ஹவர் வண்டிக்கு 45,000 ரூபாய் மானியமாகவே போய்விடும். ஜூன் 1 முதல் அது கிலோவாட்-ஹவருக்கு 10,000 ஆகி, உச்சவரம்பும் 15 சதவீதமாகச் சுருங்கியது. ஆக அதே மாடலை மே கடைசியில் எடுத்தவருக்கும் ஜூன் நடுவில் எடுத்தவருக்கும் பில்லில் பல ஆயிரம் வித்தியாசம். இரண்டு வண்டியும் அதே பேட்டரி, அதே மோட்டார், ஏறக்குறைய அதே வயசு. பில்லை வைத்து விலை போட்டால் இந்த இரண்டு வண்டிக்கும் இன்று இரண்டு விலை வரும், அதை எந்த வாங்குபவர் ஒத்துக்கொள்வார்? 2024 ஏப்ரலுக்குப் பிறகு மானியம் ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 10,000 என்று இறங்கி, 2025 ஏப்ரலில் 5,000 ஆனது. அப்படியும் என் தம்பி வண்டிக்குச் சமமான புது வண்டி அந்த நேரத்தில் ஆன்-ரோடு 1,15,000-க்கே கிடைத்தது, ஏனென்றால் பேட்டரி விலை இறங்கியிருக்கிறது, கம்பெனிகளும் போட்டி போட்டுக்கொண்டு விலையைக் குறைத்திருக்கின்றன. புதுசே 1,15,000 என்றால் இரண்டரை வருடம் ஓடியதற்கு 85,000 யார் தருவார்? நீங்கள் அன்று கொடுத்த தொகை உங்கள் வருத்தம், வாங்குபவருக்கு அது சம்பந்தமில்லாத எண். இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இதை ஏற்காமல் ஆறு மாதம் வண்டியை வைத்திருந்து மேலும் பத்தாயிரம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ஆன்லைனில் விளம்பரங்களைப் பார்த்து விலை வைப்பது. ஓ.எல்.எக்ஸ். மாதிரி இடங்களில் இதே மாடல் 65,000-இலிருந்து 80,000 வரை கிடந்தது, அதிலிருந்துதான் 75,000 என்று ஒரு நண்பர் சொன்னார். இந்த வழியில் ஒரு நல்ல விஷயம் உண்டு, ஊர் நிலவரம் தெரியும். ஆனால் அதில் இருப்பது கேட்கும் விலை, முடிந்த விலை இல்லை. நியாயமான விலைக்குப் போட்ட வண்டி ஒரு வாரத்தில் போய்விடும், அதிக விலைக்குப் போட்டதுதான் மூன்று மாதமாக அங்கேயே தொங்கும், அதனால் நாம் பார்க்கும் பட்டியலே விற்காத வண்டிகளின் பட்டியலாக மாறிவிடுகிறது. நான் ஆறு பேருக்கு ஃபோன் போட்டேன். இரண்டு பேர் வண்டி விற்றுவிட்டது என்றார்கள், எவ்வளவுக்கு என்று தயக்கமில்லாமல் சொன்னார்கள்: 56,000, 61,000. மீதி நாலு பேரும் "பார்த்துப் பேசிக்கலாம்" என்றார்கள். ஆகவே விளம்பரத்தைப் பார்த்து நிறுத்தாமல், விற்று முடித்தவர்களிடம் கேளுங்கள், அந்த இரண்டு எண்ணுக்கு இருக்கிற மதிப்பு மற்ற நாலுக்கு இல்லை.

ஷோரூம் எக்ஸ்சேஞ்ச் 42,000. கேட்டவுடன் தம்பிக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது: வாங்கின வண்டி எத்தனை மாதம் நிற்கும் என்று தெரியாது, பேட்டரி போனால் அவர்கள் தலையில், விற்கும்போது லாபத்தில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. (2024 டிசம்பர் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்துக்கு முன்பு பழைய மின் வண்டிக்கு 12-ஆக இருந்தது). நாமே நேரடியாக இன்னொருவருக்கு விற்றால் அந்த வரி கிடையாது. ஆக ஷோரூம் சொல்வதை இதற்குக் கீழே போகக்கூடாது என்கிற அடிமட்ட விலையாக வைத்துக்கொள்ளலாம். ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். "எக்ஸ்சேஞ்ச் போனஸ்" என்று 8,000, 10,000 சேர்த்துச் சொல்வார்கள். பழைய வண்டியைப் பற்றி வாயே திறக்காமல் முதலில் புது வண்டிக்கு என்ன கடைசி விலை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் எக்ஸ்சேஞ்ச் பேச்சை எடுங்கள். பல நேரம் அந்த போனஸ் எல்லாருக்கும் தருகிற தள்ளுபடியாகத்தான் இருக்கும்.

இப்போது நான் நம்புகிற கணக்கு. பேட்டரி வண்டி என்பது உண்மையில் இரண்டு பொருள், ஒரு ஸ்கூட்டர், ஒரு பேட்டரி, இரண்டும் வேறு வேறு வேகத்தில் தேய்கின்றன. அதனால் இரண்டுக்கும் தனித்தனியாக விலை போட்டுக் கூட்ட வேண்டும், தொடங்குவது அன்றைய பில்லிலிருந்து இல்லாமல் இன்றைய புது விலையிலிருந்து இருக்க வேண்டும்.

1,15,000-இல் இன்சூரன்ஸ், பதிவுச் செலவு போன்றவை சுமார் 9,000 (தமிழ்நாட்டில் மின் வண்டிக்குச் சாலை வரி விலக்கு இருப்பதால் இது குறைவு). மீதி 1,06,000. சர்வீஸ் சென்டரில் இந்த வண்டிக்குப் புதுப் பேட்டரி என்ன விலை என்று கேட்டோம், வரியோடு 58,000 என்றார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. முழு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம். அதைச் சரிசெய்து பார்த்தால் புது வண்டிக்குள் இருக்கிற பேட்டரியின் மதிப்பு சுமார் 50,000 என்று வைக்கலாம். மீதி உடம்பு 56,000.

உடம்புக்கு விலை வைப்பது சுலபம், எந்த ஸ்கூட்டருக்கும் பார்க்கிற மாதிரிதான். இரண்டரை வருடம், 24,000 கிலோமீட்டர், 40 சதவீதம் கழித்தேன், 33,600 வந்தது. டயர் இரண்டும் மாற்ற வேண்டிய நிலை, அதற்கு 3,000 கழித்தால் 30,600.

பேட்டரிதான் நேரம் எடுத்தது. ஆப்பில் காட்டுகிற எண்ணை மட்டும் நம்பவில்லை, இரண்டு வழியில் சோதித்தோம். தம்பி வீடு மாட்டுத்தாவணி பக்கம், அங்கிருந்து மேலூர் போய்த் திரும்ப அவன் மீட்டரில் 50 கிலோமீட்டர். வண்டி புதுசாக இருந்தபோது 100 சதவீதத்தில் கிளம்பி வீட்டுக்கு வந்தால் 46 மீதி இருக்கும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தான், அதாவது முழு சார்ஜுக்கு ஏறக்குறைய 92 கிலோமீட்டர். இப்போது அதே சாலை, அதே ஆள், காலையில் கூட்டம் வருமுன் அதே வேகம், 37 மீதி. அப்படியென்றால் 79 கிலோமீட்டர், பேட்டரி 86 சதவீதம் திடமாக இருக்கிறது. இரண்டாவது வழி பிளக்கில் மாட்டுகிற சின்ன யூனிட் மீட்டர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 20-இலிருந்து 100 வரை ஏற்றும்போது எத்தனை யூனிட் இழுக்கிறது என்று பார்த்தோம். 3 கிலோவாட்-ஹவர் பேட்டரிக்கு 80 சதவீதம் என்றால் 2.4 யூனிட், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் புதுசில் சுமார் 2.7 யூனிட் இழுக்கும். எங்களுக்கு 2.3. இரண்டு சோதனையும் ஒத்துப்போனது. வாங்குகிறவர் என்றால் இதில் ஒன்றையாவது செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள், விற்கிறவர் என்றால் வாங்க வருபவர் முன்னாலேயே செய்து காட்டுங்கள், பேச்சு பாதியாகக் குறையும்.

சரி, 86 சதவீதம் என்றால் விலையில் 86 சதவீதமா? கிடையாது. பேட்டரி 70 சதவீதத்துக்கு வந்ததும் மாற்றும் காலம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மின் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர் கம்பெனி 8 வருடம் அல்லது 80,000 கிலோமீட்டருக்குத் தருகிற நீட்டிப்பு வாரண்டியிலும் அந்த 70-தான் கோடு. ஆகவே 100-க்கும் 70-க்கும் நடுவில் உள்ள 30 புள்ளிதான் பேட்டரியின் ஆயுள், அதில் 16 மீதி இருக்கிறது. பாதிக்குச் சற்று மேல், 53 சதவீதம். 50,000-இல் 53 சதவீதம் 26,500. உடம்பையும் சேர்த்தால் 57,100. ஃபோனில் கேட்ட 56,000, 61,000 என்ற இரண்டு எண்ணும் இதற்குப் பக்கத்திலேயே நிற்பதைப் பாருங்கள், அதனால்தான் எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை.

இது விற்கிறவருக்குக் கொஞ்சம் கறாரான கணக்குதான். 70-க்குக் கீழே போன பேட்டரி செத்துவிடாது, தினம் 20 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது இன்னும் சில வருடம் உழைக்கும். ஆகவே வாங்க வருபவரின் ஓட்டம் எவ்வளவு என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். தினம் 40 கிலோமீட்டர் போகிறவருக்கு, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிற பெட்ரோல் வண்டியோடு பார்த்தால் மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம், அவர் இரண்டு மூவாயிரம் ஏற்றிக் கொடுக்கத் தயங்கமாட்டார். அதே சமயம் 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 ஆகிவிட்டதால் புதுப் பெட்ரோல் ஸ்கூட்டர் விலை இறங்கியிருக்கிறது, குறைவாக ஓட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். அவர்களோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

கணக்கை அடியோடு மாற்றுகிற சில விஷயங்களும் இருக்கின்றன. பேட்டரி வாரண்டி மீதி இருந்தால் விலை ஏறும், ஆனால் பெயர் மாற்றினாலும் அது தொடருமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். 2022-இல் வண்டிகள் தீப்பிடித்த பிறகு பேட்டரிக்குப் புதுப் பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பர், 2023 மார்ச் என்று இரண்டு கட்டமாக வந்தன, அதற்கு முன் தயாரான வண்டிக்கு நான் விலை குறைத்துத்தான் கேட்பேன். சார்ஜர் இல்லையென்றால் அதன் முழு விலையும் கழிய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் ஊரில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நடக்கிறதா என்பது. கடையைச் சாத்திவிட்டுப் போன கம்பெனி வண்டி என்றால் நாளைக்கு பேட்டரியே வாங்க முடியாது, அப்போது மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது, பாதி விலை கிடைத்தாலே கொடுத்துவிடலாம். பதிவு எண் இல்லாத, ஈய-அமில பேட்டரி போட்ட 25 கிலோமீட்டர் வேக வண்டிகளுக்கும் இந்தக் கணக்கு வேண்டாம். அதில் பேட்டரி ஒன்றரை இரண்டு வருடத்தில் போய்விடும், உடம்புக்கு மட்டும் விலை பேசுங்கள்.

தம்பி 62,000 சொல்லி, ஒத்தக்கடையிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு 59,000-க்குக் கொடுத்தான். மேலூர் ஓட்டத்தை அவர்களையே ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். புது வண்டியோடு வந்த ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் இன்னும் இரண்டரை வருடம் மீதி இருந்ததை அந்த அம்மா கேட்டுத் தெரிந்துகொண்டதும் பேரத்தை அதோடு நிறுத்திவிட்டார். கடன் முடித்த சான்றிதழோடு படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் இருந்த அடமானத்தை நீக்கியிருந்தான், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து போட்டு, கம்பெனி ஆப்பில் தன் பெயரை எடுத்து அவர்கள் எண்ணை ஏற்றிக் கொடுத்த பிறகுதான் சாவியைக் கொடுத்தான்.