விர்ச்சுவல்பாக்ஸா, விஎம்வேரா? 8 ஜிபி லேப்டாப்புக்கு எது சரி

லினக்ஸ் பழக வேண்டும், தேயிலைக் கணக்குக்கு விண்டோஸில் டாலியும் ஓட வேண்டும், ஆனால் இருப்பதோ 8 ஜிபி ரேம் உள்ள ஒரே லேப்டாப். கோத்தகிரி பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. டூயல் பூட் (இரண்டையும் தனித்தனியாக நிறுவி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறப்பது) போட்டால் ரேம் முழுசாகக் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்துகொண்டிருக்க வேண்டும். அதனால் விஎம்தான் (விர்ச்சுவல் மெஷின், ஓடும் கணினிக்குள்ளேயே மென்பொருளால் உருவாகும் இன்னொரு கணினி) வசதி. அதற்கு எந்த மென்பொருள், விர்ச்சுவல்பாக்ஸா, விஎம்வேரா?

2024-க்கு முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் விர்ச்சுவல்பாக்ஸ் என்று சொல்லியிருப்பேன். அப்போது விஎம்வேரில் இலவசமாகக் கிடைத்த பிளேயரில் ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அப்போதைய நிலையைச் சேமித்து வைக்கும் வசதி) கிடையாது. புதிதாகப் பழகுகிறவர் எதையாவது நோண்டிக் கெடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப அதுதானே வழி? ஆனால் 2024 மே மாதம், ஸ்னாப்ஷாட் உள்ள வொர்க்ஸ்டேஷன் ப்ரோவையே சொந்தப் பயன்பாட்டுக்கும், நவம்பரில் தொழிலுக்கும் விஎம்வேரின் உரிமையாளரான பிராட்காம் இலவசமாக்கிவிட்டது. திரை வேகத்தில் என் ஓட்டு விஎம்வேருக்கு. இறக்க மட்டும் அவர்கள் தளத்தில் கணக்கு திறக்க வேண்டும், கொஞ்சம் இழுவை.

விர்ச்சுவல்பாக்ஸில் அந்தத் தொல்லை இல்லை, உடனே இறக்கலாம். ஆனால் விஎம் விண்டோவின் கீழ் மூலையில் பச்சை ஆமை தெரிந்தால் உஷார்: விண்டோஸின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி ஊர்கிறது என்று அர்த்தம். (ஹைப்பர்-வியையே பயன்படுத்தலாமே என்றால், விண்டோஸ் ஹோமில் அது வராது.)

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகிற ஊரில், பேட்டரி தீருவதற்குள் விஎம்மை அப்படியே உறையவைக்க இரண்டிலும் வசதி உண்டு. இதில் சமம்.

நெட்தான் பெரிய பிரச்சினை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04 மட்டுமே 5 ஜிபிக்கு மேல், மொபைல் சிக்னலை நம்பி இறக்குவது வீண் வேலை. மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ இருக்கும் நண்பரிடம் விஎம்மைத் தயார் செய்து, ஓவிஏ கோப்பாக (முழு விஎம்மும் ஒரே கோப்பில்) மாற்றி, பென் டிரைவில் வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் இரண்டு மென்பொருளும் அதை ஏற்கும். பென் டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள், ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது. விஎம்முக்கு 3 ஜிபி ரேம் போதும், அதற்கு மேல் கொடுத்தால் விண்டோஸ் திணறும்.

என் தேர்வு: லேப்டாப்பில் விண்டோஸ்தான் அடியில் என்றால் இப்போது விஎம்வேர். லினக்ஸ் அடியில் என்றால் இரண்டுமே வேண்டாம். 2007 முதல் கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கும் கேவிஎம் என்ற விஎம் வசதி போதும், அதை எளிதாகக் கையாள மேலே விர்ட்-மேனேஜர் போட்டுக்கொள்ளுங்கள். கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் அந்த இரண்டின் மாட்யூலை (கெர்னலோடு சேரும் துணை நிரல்) மறுபடி கட்டும் வேலையும் மிச்சம்.