குதிரை ராட்டினம்: மரக்குதிரையா, ஃபைபர் குதிரையா?

பூங்காவின் பழைய ராட்டினத்தைச் சீர்செய்யும்போது வரும் முதல் கேள்வி இதுதான்.

செலவு
மரம்: கைவேலைக் கூலிதான் பெருஞ்செலவு.
ஃபைபர் (கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் தோய்த்து இறுகவைத்தது): ஒரே அச்சில் பல குதிரைகள் வார்க்கலாம்.

எவ்வளவு காலம் உழைக்கும்
மரம்: ஒரே கட்டையில் செதுக்குவதில்லை. பலகைகளை ஒட்டி, உடலை உள்ளே வெற்றுப் பெட்டியாக்கி, தலையையும் கால்களையும் தனியாகப் பொருத்துவார்கள். ஈரத்தில் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அப்போது கால் ஒட்டுகள் விடும். விரிசல்மேல் பெயிண்டைப் பூசிப் பூசி மறைத்தால் செதுக்கலும் மழுங்கிப்போகும் (பல இடங்களில் நடப்பது இதுதான்). கூரையும் பராமரிப்பும் இருந்தால் நூறாண்டு தாண்டும். நியூயார்க் சென்ட்ரல் பார்க் குதிரைகள் 1908-இல் செதுக்கியவை.
ஃபைபர்: மழைக்கு அஞ்சாது. வெயிலில் மேல்பூச்சு வெளிறும். கம்பி நுழையும் துளையைச் சுற்றிக் கீறல் விழும்.

பழுது
மரம்: செதுக்கத் தெரிந்த தச்சர் வேண்டும்.
ஃபைபர்: கீறலைச் சுற்றித் தேய்த்து, கண்ணாடி இழைத் துணியை ரெசினில் ஒட்டினால் போதும். தேய்க்காமல் ஒட்டினால் பெயர்ந்து வரும்.

நல்ல கூரை, தச்சர், செதுக்கிய பழைய குதிரைகள் மூன்றும் இருந்தால் மரத்தையே காப்பாற்றுங்கள். திறந்தவெளி ராட்டினத்துக்கு ஃபைபர்தான். கழற்றிய மரக்குதிரைகளை மட்டும் ஈரமான கிடங்கில் போட்டுவிடாதீர்கள்.